தோளைத் தொட்டவர் தரும் விளக்கம்

விஸ்வலிங்கத்தின் மனைவி செல்வநாயகியாகிய நான், வயது 53, ஜார்ஜ்டவுன் டத்தோ கெராமாட் சாலையில் வசிப்பவள், ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர், 1996 ஆகஸ்டு மாதம் மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி இன்ஸ்பெக்டரிடம் தமிழில் சொல்வது:

சென்ற மாதம் பட்டப்பகலில் ஒருவன் என் வீட்டுக்குள் புகுந்து, பாராங் கத்தியை என் கழுத்தில் வைத்து, தாலிக்கொடியைக் கழற்றித் தரச் சொன்னான். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அதன் பிறகு போலீசார் என்னை அடையாள அணிவகுப்புக்கு அழைத்தார்கள். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். சார்ஜன் அர்ஜுனன், "பயப்படாதீங்க அக்கா. ஆளத் தெரிஞ்சா தோள்ல கைய வைங்க, அவ்வளவுதான்லா" என்றார். அவருக்கென்ன, கத்தி அவர் கழுத்திலா இருந்தது?

வரிசையின் கடைசியில் அவன் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தையே பார்த்தான். அதன் பிறகு என் கால் நகரவில்லை, நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் அழுத்தியது, இடது கை மரத்து நான் சாய்ந்தேன். அவனுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர் வரிசையைவிட்டு ஓடிவந்து என்னைத் தாங்கி, "அக்கா, அக்கா! யாராச்சும் தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினார். விழாமலிருக்க அவர் தோளைப் பிடித்தேன்.

அதன் பிறகு மாரடைப்பு என்றே என்னை இங்கே கொண்டுவந்தார்கள். குழாய் விட்டுச் சோதித்த டாக்டர் சந்திரிகா, "ரத்தக்குழாய்ல அடைப்பே இல்ல ஆன்ட்டி. பயத்துல இதயத் தசை சோர்ந்துபோச்சு. சரியாயிடும். ஆனா இன்னொரு தடவ இப்படிப் பயந்தா மறுபடி வரலாம்" என்றார்.

நேற்று அர்ஜுனன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, நான் தோளைத் தொட்ட தங்கராஜு லாக்கப்பில் இருப்பதாகவும், சந்தேகத்தில் பிடித்திருந்த மற்றவனை விட்டுவிட்டதாகவும் சொன்னார். மற்றவன் யாரென்று கேட்டேன். கடைசியில் நின்றவன் என்றார். அதன் பிறகு எனக்குப் பழம் இறங்கவில்லை.

என் கணவர், "வேலியில போற ஓணானை ஏன் மடியில விடுறீர்? பேசாம இரும்" என்கிறார். எனக்கும் பயம்தான். அவன் வெளியே நடமாடுகிறான், என் வீடு அவனுக்குத் தெரியும். இதைச் சொல்லும்போதே நெஞ்சு படபடக்கிறது. ஆனால் விழுந்தவளைத் தாங்கியதைத் தவிரத் தங்கராஜு எதுவும் செய்யவில்லை. அவரை விடுங்கள். மற்றவனைப் பிடித்து மறுபடி நிறுத்துங்கள். டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும். நானே நடந்துபோய் அவனைத் தொடுகிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், அத்தனையும் உண்மை. சாய்ந்தபடியே போட்டதால் கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. அது என்னுடையதுதான்.

(ஒப்பம்) வி. செல்வநாயகி