ஸ்பீக்கர்ல உறுமுற வண்டி

– நான் சொல்றதை முழுசா கேளுடி...

– ஏழு நாளா கேக்கறேங்க. இந்தப் பேட்டரி காருக்கு இஞ்சினே இல்ல, ஸ்பீக்கர்ல உறுமுது, அதானே?

– பின்ன? புலி வேஷம் போட்ட பூனை! சத்தத்தைக் கூட்டிக் குறைக்க பட்டன் வேற.

– காலை வச்சா பறக்குதே?

– பறக்கட்டும். சின்ன வண்டி, வேகமான வண்டின்னா கையும் காலும் வேலை செய்யணும். கிளட்சை மிதிச்சு, மூணாவது கியரைத் தட்டி, வளைவுல ஒரு திருப்பு திருப்பினா... அந்த சுகம் பேட்டரி வண்டியில வருமா?

– அந்த சுகத்துக்குத்தானே தினம் உங்க இடது முட்டிக்குத் தைலம் தேய்க்கறேன்.

– முட்டியை இழுக்காத.

– முட்டிதான் உங்களை இழுக்குது.

– நாலு மணிக்கு ஷோரூம்காரர் வருவார். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கன்னு குடுத்தார், பார்த்தாச்சு. சாவியைக் குடுத்துடலாம். வீட்டுல நிறுத்த இடமும் ஒண்ணுதான். பழசு தெருவுல வெயில்ல காயுது, பாவம்.

– முடியாது. புதுசை வாங்கியே ஆகணும்.

– பதினாலு வருஷம் உழைச்ச வண்டிடி அது!

– பெட்ரோலைக் குடிக்குதே.

– அதான் புரியல. ஒரு வாரமா நான் அதை எடுக்கவே இல்ல. கால் டாங்க் காணோம்!

– ...ஒழுகுதோ என்னவோ.

– கீழ ஒரு சொட்டு இல்லையே.

– பேச்சை மாத்தாதீங்க. உங்க போனைக் குடுங்க. புது வண்டிக்கு ஏதோ ஆப் போட்டுக் குடுத்தாரே...

– அது எதுக்கு இப்போ?

– எவ்வளவு ஓடியிருக்குன்னு பார்க்கத்தான். ...ஏங்க!

– என்ன?

– திங்கக்கிழமை, காலை அஞ்சு அம்பது. ஏரிக்கரை ரோடு. முப்பத்தோரு நிமிஷம். ஸ்போர்ட் மோடு.

– அது... வந்து...

– புதன், அதே நேரம். வெள்ளி, அதே நேரம். நீங்க வாக்கிங் போன நாளெல்லாம்!

– மெஷின்தானே, தப்பா காட்டும்மா.

– ‘இஞ்சின் சத்தம், முழு அளவு’ன்னும் காட்டுது. பூனைக்குப் புலி வேஷம் போட்டது யாருங்க?

– சரி, நான்தான்! பொய்ச் சத்தம்னு காதுக்குத் தெரியுது, உடம்புக்குத் தெரியலையே. முட்டி வலியே இல்லாம வளைவு வளைவா போறேன்... என்ன பண்ணச் சொல்ற?

– அப்படி வாங்க வழிக்கு!

– சிரிக்காத. புதுசையே வச்சுக்கலாம். பழசை ஷோரூம்காரர் தலையில கட்டிடலாம்.

– ...அவசரப்படாதீங்க.

– என்னடி இது?

– நல்ல வண்டிங்க. இருந்துட்டுப் போகட்டுமே.

– ஒரு நிமிஷம். நேத்து துடைக்கலாம்னு அதுல ஏறினேன். ஸ்டியரிங் நெஞ்சுல இடிச்சுது. சீட்டை முன்னால இழுத்தது யாரு?

– எனக்கெப்படிங்க தெரியும்...

– செவ்வாய், வியாழன் காலையில நீ எங்க போற?

– யோகா கிளாசுக்கு.

– யோகா டீச்சர் குட்டையா, நெட்டையா?

– குட்டை... இல்லல்ல, நெட்டை.

– அடியே!

– ரெண்டு மாசமா அந்தப் பக்கமே போகலைங்க. எப்பவும் சீட்டைப் பின்னால தள்ளி வச்சுட்டுத்தான் இறங்குவேன், இந்த வியாழன் மறந்துட்டேன். மூணாவது கியர்ல அந்த ஏரிக்கரை வளைவு இருக்கே... நீங்க சொன்ன அதே சுகம்! புதுசு உங்களுக்குன்னு ஆயிட்டா, பழசு எனக்குன்னு கணக்குப் போட்டேன். அது யாரையும் காட்டிக் குடுக்காது பாருங்க, உங்க வண்டி மாதிரி.

– வண்டி ரெண்டு, இடம் ஒண்ணு, மணி மூணரை... வாசகரே, இதைப் படிச்சிட்டு சிரிக்கிறீங்களே, உங்களைத்தான். ஷோரூம்காரரோட எதை அனுப்பட்டும்? கீழ ஒரு வரி எழுதுங்க, இவகிட்ட காட்டணும்.