மூடிக்கு மேல் நின்ற குழல்

"பின்னால எடு! பின்னால எடு!"

காதுக்கருவியில் கமாண்டரின் அலறல். 1965, செப்டம்பர். பாகிஸ்தான் எல்லைக்குள், சாவிண்டா பக்கம். கரும்புக் காட்டுக்குள் எங்கள் டாங்கி நிற்கிறது. எதிரில் அவர்களுடைய டாங்கிகள். எத்தனை என்று தெரியவில்லை. ஒரு குண்டு எங்கள் முகப்பில் பட்டுத் தெறிக்கிறது. டங். பல் கூசுகிறது.

நான் டிரைவர். வயது இருபத்திரண்டு. டாங்கி பின்வாங்கும்போது முகத்தைக் காட்டியபடியேதான் வர வேண்டும். முகப்பில்தான் இரும்பு தடிமன். விலாவில் மெல்லிசு. பயிற்சியில் எத்தனையோ முறை செய்தது. அன்று வண்டியை இடப்பக்கம் திருப்பிவிட்டேன். ஓடிவிட நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

விலாவில் அடித்தார்கள்.

சத்தம் கேட்கவில்லை. வெளிச்சம் மட்டும். பிறகு பெட்ரோல் வாடை. குண்டு நிரப்பும் ஜோசப் அங்கேயே முடிந்தான். கமாண்டர் மேலே ஏறிக் குதித்தார். நான் என் தலைக்கு மேலிருந்த மூடியைத் தள்ளினேன். திறக்கவில்லை. நான் வண்டியைத் திருப்பியபோதும் கன்னர் மாணிக்கம் அண்ணன் பீரங்கியை எதிரியை நோக்கியே வைத்திருந்தார். அதன் குழல் என் மூடிக்கு மேல் நின்றது.

"அண்ணே! திருப்புங்கண்ணே!"

"இருடா! திருப்புறேன்!"

மின்சாரம் போய்விட்டது. பீரங்கியைத் திருப்பக் கைச்சக்கரம்தான். அவர் சுற்றுவது கேட்கிறது. கிர்ர். இருமல். கிர்ர். டிரைவருக்கு வழிவிடாமல் கன்னர் இறங்க மாட்டார். எங்களுக்குள் அது எழுதாத சட்டம்.

மூடி திறந்தது. குதித்தேன். ஓடினேன். உள்ளேயிருந்த குண்டுகள் எனக்குப் பின்னால் வெடித்தன.

இப்போது 1986. ஆக்லாந்தில், மங்கரேயில் இருக்கிறேன். விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிறேன். வீட்டுக் கூரைக்கு மேல் விமானம் தாழும்போது தலைக்கு மேல் கையை உயர்த்தித் தள்ளுகிறேன். "ஆர் யூ ஓகே, டாட்?" என்கிறாள் மகள். ஓகே என்கிறேன்.

மாணிக்கம் அண்ணனின் மனைவி சேலத்திலிருந்து எழுதியிருக்கிறார். 'அவருக்கு ரொம்ப வலிச்சுதா?' குண்டு பட்டதும் போய்விட்டார் என்று அன்றைக்கு எழுதியிருந்தேன். பொய். நடந்ததை எழுதிய இந்தத் தாளை அந்த அம்மாவுக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். பயமாக இருக்கிறது. அனுப்புகிறேன்.

டாங்கி ஒன்று. ஏறியவர்கள் நான்கு பேர். ஜோசப், பத்தொன்பது வயது, இருக்கையிலேயே. கமாண்டர், மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில். மாணிக்கம் அண்ணன், முப்பத்தொரு வயது, கைச்சக்கரத்தின் அருகில். மிஞ்சியவன், வண்டியைத் திருப்பியவன்.