வழி சொல்லாத மேப்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த இளம்பெண் தன் பக்கத்தில் இருந்தவளிடம் போனைக் காட்டி, "நான் செய்யிற மேப் வழி சொல்லாதுக்கா" என்றாள். நான் காது கொடுத்தது அப்போதுதான். பக்கத்தில் இருந்தவள் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். விரல் நுனிகளில் கறை ஏறியிருந்தது.

"வழி சொல்லாட்டி எதுக்கு புள்ள மேப்பு?"

"ஊரு பாக்க வர்றவங்க போனையே பாத்துக்கிட்டு நடக்கிறாங்கக்கா. இதுல எடத்துக்கு ஒரு புள்ளி மட்டுந்தான் வைப்பேன். அவங்களே சுத்திப் பாத்து, ஆளுங்கள கேட்டுக் கண்டுபிடிக்கணும்."

"அப்ப நாங்க குடியிருந்த பழைய லயத்துக்கு ஒரு புள்ளி வை."

"அது மண்சரிவுல போயிருச்சேக்கா. அங்க இப்ப ஒண்ணுமே இல்லையே."

"தெரியும். எம்மகளையும் சேத்துத்தானே போச்சு."

பஸ் வளைவில் திரும்பியது. கொழுந்து பறிப்பவளே தொடர்ந்தாள்.

"அங்க வந்து நிக்கிறவங்க, இங்க என்ன இருந்துச்சுன்னு யாரையாச்சும் கேப்பாங்கல்ல? கேட்டா நான் சொல்லுவேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

"புள்ளிக்குப் பக்கத்துல மக பேர போடட்டுமாக்கா?"

"வேணாம். போட்டா படிச்சிட்டுப் போயிருவாங்க."