பதினொரு சாம்பல் கரை அட்டைகள்

என் பெயர் ஷிமோஜோ கசுயோ, வயது 46, கணவர் இல்லை. மட்சுமோத்தோ நகரில், ஆற்றுக்கு மேற்கே உள்ள வாடகைக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் சங்கத்தில் பதினான்கு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். ஜனவரி 9 அன்று ஒபுச்சி தெய்ஜி என்பவர் இனாகாகி வீட்டுப் படியில் விழுந்தது சம்பந்தமாகப் போலீஸார் என்னை விசாரிக்க, நான் சொல்வது பின்வருமாறு.

நன்கொடை தருகிற நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளின் பட்டியல் கணினியில் என் பொறுப்பில் உள்ளது. கடிதம் எப்படித் தொடங்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒருவருக்கு டாக்டர் என்று போடாவிட்டால் சண்டைக்கு வருவார், ஒரு மாமியார் தன் பெயருக்கு மேலே மருமகள் பெயர் வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எங்கள் நாய்க்குட்டி ஒன்றை ஒரு வருடம் வீட்டில் வளர்த்துக் கொடுத்த இனாகாகி தம்பதிக்கு, சோஜி அவர்களுக்கும் ஃபுசாயே அவர்களுக்கும் என்று தொடங்குவோம்.

சாவு விழுந்த வீட்டார், இந்த வருடம் எங்களுக்குப் புத்தாண்டு வாழ்த்து வேண்டாம் என்று சாம்பல் நிறக் கரை போட்ட அட்டை அனுப்புவது வழக்கம். டிசம்பர் 8ஆம் தேதி அப்படிப் பதினொன்று வந்தன. ஒபுச்சி தபால் துறையில் ஓய்வு பெற்று எங்களிடம் பகுதி நேரம் வேலை பார்க்கிறவர், வயது 68. அவர் அவற்றைத் தனியாகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக என் கையில் கொடுத்தார். அன்றே துக்கம் என்று குறித்து, இறந்தவர் பெயரை எடுக்க வேண்டியது என் வேலை. நான் அதை என் மேஜை இழுப்பறையில் போட்டேன். வருடக் கடைசி விருந்துக்கு உணவகம் பார்க்கிற வேலையில் அதை மறந்தேன்.

அதன் பிறகு ஜனவரி முதல் தேதி காலை அந்தப் பதினொரு வீட்டுக்கும் எங்கள் வாழ்த்து போய்ச் சேர்ந்தது. 5ஆம் தேதி அலுவலகம் திறந்ததும் தொலைபேசி ஓயவில்லை. நான் மேஜை இழுப்பறையைத் திறந்தேன், அட்டைகள் அப்படியே கிடந்தன. அதன் பிறகு ஒபுச்சி தேநீர் வைக்கப் போன நேரத்தில் அந்த அட்டைக் கட்டை அவர் மேஜை இழுப்பறையில் வைத்தேன். அதன் பிறகு அவசர அவசரமாகப் பதினொரு வீட்டுக்கும் துக்கம் என்று குறித்தேன். இறந்தவர்களின் பெயர்களைத் தொடவில்லை.

சங்க இயக்குநர் அட்டைகளைத் தேடச் சொன்னபோது கட்டு ஒபுச்சியின் மேஜையில் கிடைத்தது. ஒபுச்சி அதைக் கையில் எடுத்துப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்ககிட்ட குடுத்த மாதிரி ஞாபகம். நானேதான் வச்சுட்டேனா, ஷிமோஜோ சான்?" என்று கேட்டார்.

நான், "வச்சிருப்பீங்க போல" என்றேன்.

அவர் தலையைத் தடவிக்கொண்டு, "வயசாயிடுச்சு, இனிமே வேலைக்கு வரக்கூடாது" என்றார். பதினொரு வீட்டுக்கும் தானே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையிலிருந்து நின்றுகொள்வதாக இயக்குநரிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் கொண்டுபோக மன்னிப்புக் கடிதங்களை நான்தான் அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டினேன்.

அவர் முதலில் போனது இனாகாகி வீட்டுக்கு. அங்கே நடந்ததை ஃபுசாயே அம்மாள் மருத்துவமனையில் என்னிடம் சொன்னார். ஒபுச்சி வாசலில் இடுப்பு வளைய வணங்கி, தப்பு தன்னுடையது என்று சொல்லி உறையைக் கொடுத்திருக்கிறார். அம்மாள் அங்கேயே பிரித்திருக்கிறார். இறந்துபோன அவர் கணவர் பெயரோடு, சோஜி அவர்களுக்கும் ஃபுசாயே அவர்களுக்கும் என்றுதான் கடிதம் தொடங்கியது. அதை அவர் ஒபுச்சியிடம் காட்டியிருக்கிறார். ஒபுச்சி முகம் வெளுத்து, சரியானதை இப்போதே கொண்டுவருகிறேன் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு வேகமாக இறங்கியிருக்கிறார். படியில் பனி உறைந்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவரை யாரும் தள்ளவில்லை.

அம்மாள் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "வாழ்த்து வந்தத மறதின்னு விட்டுட்டேன். மன்னிப்புக் கேக்குற கடுதாசிலயும் அவர் பேர ஒருத்தரும் பாக்கலையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் என்று இருந்தது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மயக்கம் தெளிந்ததும் ஒபுச்சி என்னை அடையாளம் கண்டு, "அந்த முதல் வரிய மாத்திட்டீங்களா?" என்றார். மாற்றிவிட்டேன் என்றேன், அது உண்மை. அந்த அட்டைக் கட்டை அவர் மேஜையில் நான்தான் வைத்தேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் சொல்லாமல் திரும்பினேன்.

தன் கவனக்குறைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் உங்களிடம் கொடுத்திருக்கும் வாக்குமூலம் சரியல்ல. அவர் மறக்கவில்லை, என் கையில்தான் கொடுத்தார். அவர் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால், இதை அவருக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, மாற்ற எதுவும் இல்லை. என் முத்திரையை நானே பதித்தேன்.

ஷிமோஜோ கசுயோ
ஜனவரி 13