இடமில்லாமல் விட்ட வரி

ஓடுகிறேன். வலது காலில் செருப்பு இல்லை. கையில் சுருட்டிய படத்தாள். அதை ஏன் கீழே போடவில்லை என்று தெரியாது. பின்னால் ஹவில்தாரின் குரல்.

"படு! எல்லாரும் சுவருக்குப் பின்னாடி போய்ப் படு!"

1992. ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி பதினெட்டு நிமிடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறை. நான் அங்கே டிராயிங் பிரிவில் இருக்கிறேன். இயந்திரவியலில் டிப்ளமோ. வயது இருபத்து நான்கு.

எங்கள் ஊரில் போர் நடக்கவில்லை. போர் எங்களிடம் லாரியில் வந்தது. எங்கோ யாரோ சுட்டு, வெடிக்காமல் விழுந்த குண்டுகள். துருப்பிடித்து, பழைய இரும்போடு கலந்து, பாடிச் சாலை வழியாக வந்து எங்கள் முற்றத்தில் கொட்டப்படும். எந்தப் போர், எந்த நாடு என்று எழுதி வராது. எடை மட்டும் எழுதி வரும்.

பின்னால் கத்தியவர் ஹவில்தார் தேவசகாயம். ஆவடியில் ராணுவப் பயிற்சியாளர். வெடிபொருள் வகுப்பு எடுப்பவர். நாகர்கோவில்காரர். முப்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாக நாங்கள் நெமிலிச்சேரியில் ஒரே ரயிலில் ஏறினோம். 7.40. அவரிடம் பயின்ற சிப்பாய்கள் பெட்டியில் இருந்தால் எழுந்து நிற்பார்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும். "உக்காருங்கடே. ரயில்ல நானும் வெறும் டிக்கெட்டுதான்."

முதல் நாள் என் கையிலிருந்த சுருளைப் பார்த்துக் கேட்டார். "மேடம், உள்ள துப்பாக்கியா?"

"பம்ப் மூடி சார்."

"பம்ப் மூடி வரையத் தெரிஞ்சா குண்டும் வரையலாம்."

அதன்பின் அவருடைய வகுப்புப் படங்களை நான்தான் வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அவர் மனைவி ஸ்டெல்லா மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் வைப்பார். குழம்பு படத்தில் சிந்தினால் எனக்குக் கோபம் வரும். ஹவில்தாருக்குச் சிரிப்பு வரும்.

அந்தப் பங்குனியில் எங்கள் முற்றத்தில் இரண்டு குண்டுகள் கிடைத்தன. அவரிடம் சொன்னேன். ஆட்களோடு வந்து எடுத்துப் போனார். போகும்போது சொன்னார், உங்கள் ஆட்களுக்கும் ஒரு படம் போடுவோம் என்று.

போட்டோம். இடது பக்கம் பயிற்சிக் குண்டு. வெற்று என்று காட்ட அதில் துளை போட்டிருப்பார்கள். வலது பக்கம் உயிருள்ள, வெடிக்கக்கூடிய குண்டு. துளை இல்லை. அடியில் ஒரு வரி எழுதச் சொன்னார். 'ஓட்டை இருந்தாலும் தொடாதே. துருவும் ஓட்டை போடும்.'

அந்த வரிக்கு இடமில்லை. எங்கள் பிரிவில் எந்தத் தாளிலும் கீழே ஒரு கட்டம் வரும். வரைந்தவர். சரிபார்த்தவர். அளவு. தேதி. கட்டம் இல்லாமல், கையெழுத்து இல்லாமல் படம் வெளியே போகாது. பழக்கத்தில் அதை முதலில் வரைந்துவிட்டேன். அடுத்த தாளில் வரியைச் சேர்க்கிறேன் என்றேன். "சரி மேடம். முதல்ல இது சுவர்ல ஏறட்டும்." கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் அது சுவரில் இருந்தது. நான் பம்ப் மூடிகள் வரைந்தேன். புதிய தாளை அந்தத் திங்கட்கிழமைதான் முடித்தேன். செவ்வாய் அவர் விடுப்பு. கையெழுத்துப் போடவும், தானே மாட்டவும் வந்தார்.

10.14. முற்றத்தில் நிற்கிறோம். தாளை விரிக்கப் போகிறேன். எதிரே வேலு வருகிறார். பழைய இரும்பைத் தரம் பிரிப்பவர். இடது தோளில் குண்டு.

"இன்னா சார், பயந்துட்டியா? ஓட்டை கீது பாரு. அக்கா படத்துல கீற மாதிரியே. வெத்து டப்பா."

பின்னால் ஒரு குரல். "ஊட்டுக்கு எடுத்துகினு போ மாமே. தண்ணி புடிச்சு வெக்கலாம்."

சிரித்தார்கள். ஹவில்தார் சிரிக்கவில்லை.

"வேலு! அசையாத! அப்படியே நில்லு!"

வேலு நின்றார். "சார். கால் நிக்க மாட்டேங்குது சார்."

தொடாதே. நகர்த்தாதே. ஆட்களை விலக்கு. தகவல் சொல். அவருடைய நான்கு விதிகள். அவற்றை அழகான எழுத்தில் எழுதியவள் நான். முதல் இரண்டையும் அவர் மீறினார். வேலு எந்த நொடியும் விழுவார். அவருக்குப் பின்னால் உலை. உலையைச் சுற்றிப் பதினொரு பேர்.

ஹவில்தார் குண்டை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "ஓடு வேலு! மேடம், ஓடு!" என்னை அவர் ஒருமையில் அழைத்தது அந்த ஒரு முறைதான்.

வார்ப்பு மணல் குவிந்திருந்த பக்கம் நடந்தார். மெதுவாக. நான் ஓடினேன். சுவருக்குப் பின்னால் படுத்தேன்.

முதலில் ஒரு சின்னச் சத்தம். பூட்டு திறப்பது போல. அடுத்த சத்தம் எனக்கு நினைவில்லை. தரை என் மார்பில் அடித்தது. பிறகு கண்ணாடி. பிறகு கூரைத் தகடுகள், ஒவ்வொன்றாக. பிறகு நெடுநேரம் மணல். 10.30க்குப் பக்கத்துப் பட்டறையில் டீக்குச் சங்கு ஊதியது. நாங்கள் யாரும் எழவில்லை.

மறுநாள் டேப் வைத்து அளந்தேன். வேலு நின்ற இடத்திலிருந்து மணல் மேடு வரை இருபத்து நான்கு மீட்டர். அவர் கடந்தது பதினேழு. மீதி ஏழு.

விசாரணைக்கு இருவர் வந்தார்கள். விட்ட வரியைச் சொன்னேன். பழைய தாளைக் காட்டினேன். ஒருவர் பார்த்தார். "படம் சரியாத்தானே இருக்கு?" சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். நான் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

ஸ்டெல்லாவிடமும் சொன்னேன். "அவரு கையெழுத்துப் போட்டாரா?" என்று கேட்டார். போட்டார் என்றேன். "அப்போ அவருக்கும் தெரியும்." திட்டியிருக்கலாம். மன்னித்திருக்கலாம். இரண்டும் இல்லை.

வேலுவிடம் மூன்று முறை சொன்னேன். வெடியில் கேட்காமல் போன காதின் பக்கம் இரண்டு முறை நின்றுவிட்டேன். அவர் சொன்னார். "வுடு அக்கா. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ வரி போட்டிருந்தா மட்டும் நான் இன்னாத்த படிச்சுக் கிழிக்கப் போறேன்?" எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அன்றிலிருந்து தூக்கம் இன்னும் குறைந்துவிட்டது.

பழைய இரும்பில் கை வைப்பவர்கள் இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்காக எண்ணி எழுதுகிறேன்.

கண்ணாடி முப்பத்தொன்று. கூரைத் தகடு ஆறு. என் வலது செருப்பு. வேலுவின் இடது காது. ஸ்டெல்லாவின் கணவர். இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. 7.40 ரயிலில் எனக்கு எதிர் இருக்கை. ஆள் ஒன்று.

புதிய தாள் கசங்கவில்லை. அதை மாட்டிவிட்டேன். அந்த வரி இருக்கிறது, பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் துளையின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். வரைந்தவர் கட்டத்தில் என் பெயர். சரிபார்த்தவர் கட்டம் காலி.

கையெழுத்து இல்லாத படம் எங்கள் பிரிவை விட்டு வெளியே போகக் கூடாது. இது போயிருக்கிறது.