சத்தம் போன பிக்கப்

பிக்கப் வண்டியில் புஷ் தேய்ந்தால் யாரும் உடனே மாற்றுவதில்லை சார். சத்தம் வரும், அவ்வளவுதான்; வண்டி ஓடும். பின்சக்கரத்துக்கு மேலே பட்டை பட்டையாக அடுக்கியிருக்கிறதே, அந்த ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் ஒரு கண் இருக்கும். கண்ணுக்குள் ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் போல்ட். ரப்பர் போனால் இரும்பும் இரும்பும் உரசி, பள்ளம் மேடு வந்த இடமெல்லாம் கிரீச்சென்று கத்தும். அப்படியே இரண்டு வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கேட்டாலே பல் கூசும்.

நான் ஃபிராங்க்ளின். லிங்கராஜபுரத்தில் இருபத்தாறு வருடமாக ஷெட் வைத்திருக்கிறேன். குடிப்பதில்லை, யார் மேலும் கை ஓங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியதில்லை. அடித்தது ரெமிஜியஸ், அவன் உள்ளே இருக்கிறான். பிறகு நீ எதற்கு வந்தாய் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார். "ஹோகப்பா, மனெகே ஹோகு" என்று இரண்டு தடவை வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால் நான் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன், எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.

ரெமிஜியஸ் என் ஷெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடைசி வீடு. பிக்கப்பில் தண்ணீர் கேன் போடுகிறவன். வண்டிகள் பறக்கின்றன என்று தெருக்காரர்களே அந்தச் சந்தில் வேகத்தடையாக மூன்று ஹம்ப் போட்டிருக்கிறார்கள். முதலாவது சந்து முனையில், மூன்றாவது அவன் வாசலில். இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்பதால் உருட்டிக்கொண்டுதான் போக முடியும். முனையிலிருந்து வாசலுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி எனக்குச் சொன்னவள் அவன் மனைவி பவுலின். பிப்ரவரியில் ஒரு காலை, பால் பாக்கெட்டோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"ஃபிராங்க்ளின் அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் வண்டி ரிப்பேருக்கு வந்தா அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடாதீங்க."

சத்தத்தை எடுக்காதே என்று எந்த கஸ்டமரும் என்னிடம் கேட்டதில்லை. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"முனையில கிரீச்சுன்னு கேட்டதும் எம்பொண்ணு கேரல பின்பக்கமா ஜெயலட்சுமி அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவேன். குடிச்சிருந்தா அவர் பாக்கறது மொதல்ல அவளத்தான். அவ இல்லன்னா நான் வாங்கிக்குவேண்ணா, எனக்குப் பழக்கந்தான். அவளுக்கு ஒம்பது வயசு."

அதே சந்தில் இன்னும் மூன்று பிக்கப் வந்து போகின்றன, எஞ்சின் சத்தம் எல்லாம் ஒன்றுதான். ஸ்பிரிங் சத்தத்தை வைத்துத்தான் அவன் வருகிறான் என்று தெரியும். அவள் ஃபாதரிடம் சொல்லிப் பார்த்தாள். ஃபாதர் அவனைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணி அனுப்பினார். கோலார் தங்கவயலில் இருக்கும் தங்கச்சியிடம் போனாள். நான்காம் நாள் அவன் அதே வண்டியில் போய் அழைத்து வந்தான். ஒரு ஸ்டேஷனுக்கும் போனாள். சமாதானம் பேசி அனுப்பினார்கள். இந்த ஸ்டேஷனா என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாக் கதவும் தட்டி முடித்துக் கடைசியில் ஒரு தேய்ந்த புஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பாவம். சரிம்மா என்றேன்.

"மாத்தித்தான் ஆகணும்னு ஆயிடுச்சுன்னா, வண்டி ஷெட்ட விட்டுக் கெளம்பறப்போ ஒரு மிஸ்டு கால் குடுங்கண்ணா. அது போதும்" என்றாள். நம்பரை வாங்கிப் 'பவுலின், கடைசி வீடு' என்று போட்டுவைத்தேன்.

ஒரு மாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ரெமிஜியஸ் வந்து கேட்கும்போதெல்லாம் சாமான் வரவில்லை என்றேன். சாமான் என் டிராயரில்தான் இருந்தது. தினமும் காலையும் மாலையும் அந்த வண்டி என் ஷெட் வாசலில் கத்திக்கொண்டே போனது, எதிரே பெயர்ப் பலகையில் என் பெயர் இருந்தது. அது எப்படி இருக்கும் என்று வேறு தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

போன திங்கட்கிழமை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரெமிஜியஸ் நாலைந்து பேரோடு நின்றிருந்தான்.

"நம்ம ஃபிராங்க்ளினுக்கு வயசாயிடுச்சு குரு. ஒரு புஷ் மாத்தத் துப்பில்ல, ஒரு மாசமா சாமான் வரலங்கறான். நான் அந்த டேரில் ஷெட்ல விட்டுக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டேரில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போனவன். ஸ்பேனரை நேராகப் பிடிக்கத் தெரியாது. டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் செய்யாவிட்டால் டேரில் செய்யப் போகிறான். சத்தம் எப்படியும் போகத்தான் போகிறது. இதில் என் கையில் என்ன இருக்கிறது? வியாழக்கிழமை காலை நானே ரெமிஜியஸுக்குப் போன் போட்டு, சாமான் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவா என்றேன்.

நாள் முழுக்க அந்த ஒரு வேலைதான். சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். போல்ட் துருவேறிப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, தட்டித் தட்டி எடுத்தேன். பழைய புஷ்ஷை ரம்பத்தால் அறுத்துக் கழற்றினேன். கண்ணின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புது புஷ்ஷை உள்ளே ஏற்றினேன். மத்தியானச் சாப்பாடு கூட மறந்துபோனது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது சார், இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி தரையில் நின்று, பாரம் பட்டையில் இறங்கிய பிறகுதான். தூக்கியபடியே முறுக்கினால், கீழே இறக்கும்போது ரப்பர் திருகிக்கொள்ளும். மூன்று வாரத்தில் கிழியும், பழைய சத்தம் திரும்ப வந்துவிடும். டேரில் மாதிரி ஆட்கள் அப்படித்தான் முறுக்குவார்கள். வேலையும் செய்தாகிவிட்டது, சத்தமும் திரும்பிவிடும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த யோசனை எனக்கு வந்தது. ஸ்பேனரை போல்ட்டில் மாட்டி, வண்டி தூக்கியபடி இருக்கும்போதே கொஞ்ச நேரம் அதைப் பற்றி நினைத்துக்கொண்டு அடியில் படுத்திருந்தேன். கேரலைப் பற்றியும் நினைத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு வெளியே வந்து ஜாக்கியை இறக்கினேன். வண்டி தரையில் உட்கார்ந்தது. பிறகுதான் முறுக்கினேன். தப்பாக வேலை செய்ய எனக்குக் கை வராது. அது என் குணம், நான் என்ன செய்ய?

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ரெமிஜியஸ் கதவைத் திறந்தபோது கேரல் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பவுலின் குளோரியாவோடு, அந்தத் தங்கச்சியோடு, போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் குழந்தையை நோக்கித்தான் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனான். பவுலின் குறுக்கே விழுந்தாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். கேரலைத் தங்கவயலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள், இன்னும் வாயைத் திறக்கவில்லையாம்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஜெயலட்சுமி என் பக்கத்தில் வந்து நின்றாள். பவுலின் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"போன கையிலயே வச்சிருந்தாண்ணா ஒரு மாசமா. குளிக்கப் போனாலும் எடுத்துட்டுப் போவா. ஏன்ணா ஒரு கால் குடுக்கல?"

கையெல்லாம் கிரீஸ், போனைத் தொட முடியவில்லை என்றேன். முதலில் விசாரித்தபோது உங்கள் ரைட்டரிடமும் அதையே சொன்னேன். அது பொய் சார். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அவன் வண்டி எடுக்க வந்தபோது ஆறே முக்கால். வாயில் வாடை அடித்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். அவன் வண்டியை எடுத்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் பெயரைத் திரையில் கொண்டுவந்தேன். ஒரு விரல் வேலைதான் மிச்சம். அப்படியே அவன் பின்னால் சந்து முனை வரை நடந்தேன். ஒரே ஒரு ஹம்ப் கேட்டுவிட்டு அழுத்தலாம் என்று நினைத்தேன். வேலை செய்தவன் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்க வேண்டாமா?

பின்சக்கரம் முதல் ஹம்ப்பில் ஏறி இறங்கியது. ஒரு முனகல் இல்லை. இரண்டாவது கொஞ்சம் உயரம், நல்ல வண்டி கூட அதில் லேசாகச் சத்தம் போடும். அதிலும் இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை என் கையில் அமைந்ததில்லை. உண்மையைச் சொன்னால் நெஞ்சு நிறைந்திருந்தது. அவன் வாசலில் இருக்கும் மூன்றாவதையும் கேட்டுவிட்டு அழுத்தலாம் என்றுதான் சார் நின்றேன்.