சனிக்கிழமைச் சாயம்

ஏரோப்ளேன் கண்ணாடிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீர் கொதிக்கக் கூடாது. கை பொறுக்காத சூடு போதும். கொதித்தால் பொருள் கோணிக்கொள்ளும். வாக்குமூலத்தை இதிலிருந்து தொடங்குவதற்கு இன்ஸ்பெக்டர் மன்னிக்க வேண்டும். என் மாமாவின் கண்ணைப் பறித்ததாக ராயப்பேட்டையில் ஓர் ஊசிக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரிடம் இந்தப் பக்குவத்தைக் கேட்டுப் பாருங்கள், தெரியாது. கடைசிக் கால்மணி நேரம்தான் அவருடையது. அதற்கு முந்தைய ஏழு மாத வேலை என்னுடையது.

என் பெயர் வேலு. பி.ஏ. இரண்டாம் வருஷம். மயிலாப்பூரில் தாய்மாமா சிதம்பரநாதன் வீட்டில் தங்கிப் படிக்கிறேன். மாமா ரிடையரான ஹெட்மாஸ்டர். சாப்பாடு, காலேஜ் பீஸ், தலைக்கு எண்ணெய் எல்லாம் அவர் தயவு. காலேஜ் பத்திரிகையில் நான் எழுதும் ஹாஸ்யக் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிப்பார். படித்த பிறகு, ஓரத்தில் பென்சிலால் "இங்கே சிரிக்க வேண்டுமா?" என்று எழுதி என் மேஜையில் வைத்துவிடுவார். சென்ற தீபாவளிக் கட்டுரையில் பதினோரு இடத்தில் எழுதியிருந்தார். கேலிக்காக அல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவரிடமிருந்து ஒரு சிரிப்பைத் தவிர நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. என் குரலில் கேட்டால் சிரித்துவிடுவார் என்று பட்டது. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"எனக்குத்தான் கண்ணு இருக்கேடா" என்றார்.

அந்த வாரமே அவருடைய மூக்குக்கண்ணாடி கிணற்றடியில் விழுந்து உடைந்தது. அதில் என் கை இல்லை. யுத்தம் முடிந்தும் சீமைக் கண்ணாடி வரவில்லை, மூன்று மாதம் ஆகும் என்றார்கள் கடையில். ராயப்பேட்டையில் ஷாஹுல் ஹமீது பாய் என்று ஒருவர், உடைத்துப் போட்ட விமானங்களின் பிளாஸ்டிக் ஜன்னலை ஏலத்தில் எடுத்துவந்து புரூச்சும் தோட்டுக்கல்லும் செய்கிறார். முன்பு மூக்குக்கண்ணாடிக் கடையில் சாணை பிடித்தவர். மாமாவின் நம்பருக்கு இரண்டு வில்லை இழைத்துக் கொடுத்தார். மாமாவுக்குப் பரம திருப்தி. கனமே இல்லை, மூக்கில் தழும்பு விழவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் கழற்றிக் காட்டினார்.

வில்லைக்காகக் காத்திருந்தபோதுதான் பாய் தோட்டுக்கல்லுக்குச் சிவப்பு ஏற்றுவதைப் பார்த்தேன். ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தைச் சுடுதண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, கல்லைக் கம்பியில் கோத்து முக்கி எடுத்தார். சிவப்பு ஏறியும் கல்லுக்கு அந்தப் பக்கம் அவர் விரல் தெரிந்தது.

"வெளிச்சம் உள்ள பூந்து வரணும் நைனா, கலரு அங்கியே குந்திக்கினு இருக்கணும். அவசரப்பட்டா மொத்தையாப் பூடும்."

ஏறினதை இறக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏத்தத்தான் தெரியும். எறக்குறது நம்ம கைல இல்ல."

நாடகத்துக்கு என்று சொல்லி ஒரு சின்னப் புட்டி பழுப்புச் சாயம் வாங்கிக்கொண்டேன். பாய்க்கு இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மாமா சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். மூக்குக்கண்ணாடியைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, நல்லெண்ணெய் தலையில் ஊற அரைமணி உட்கார்ந்திருப்பார். பிறகு சீயக்காய், வெந்நீர். அந்த வெந்நீரிலேயே எனக்கு ஒரு சொம்பு கிடைத்தது. முதல் சனிக்கிழமை வில்லைகளைச் சாயத்தில் மூன்று நிமிஷம் முக்கினேன். வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் நிறமே தெரிந்தது. அவசரப்படவில்லை.

மாமா முதலில் பத்திரிகைக் காகிதத்தைக் குறை சொன்னார். அடுத்து மின்சார பல்பை மாற்றினார். மூன்றாம் மாதம் தன்னையே சந்தேகப்பட்டார். "கழட்டினா வெளிச்சம் இருக்கு, எழுத்து இல்லை. போட்டா எழுத்து இருக்கு, வெளிச்சம் இல்லையே" என்றார். விஷயத்தை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் எல்லோரும் அவர் கண்ணைத்தான் பார்த்தார்கள்.

சுந்தரவல்லி அத்தை, அதாவது மாமாவின் சம்சாரம், ஒரு தடவை வில்லையைத் துடைக்கும்போது பழுத்துப் போயிருக்கிறதே என்றாள். விமானச் சாமான், வெயில் பட்டால் அப்படித்தான் என்றேன். திருப்தியாகப் போய்விட்டாள். வைத்தியமும் அவளே சொன்னாள்.

"கண்ணுல சூடு ஏறியிருக்கு. சனிக்கிழமை மட்டும் போதாது. புதன்கிழமையும் தேய்ச்சுக்குங்க."

அது முதல் வாரத்துக்கு இரண்டு முறை முக்கினேன். என் கணக்கில் பத்து மாதம் பிடிக்க வேண்டிய வேலை ஏழில் முடிந்தது.

மாமா படிப்பதை விட்டார். அப்போதாவது என்னை வாசிக்கச் சொல்லியிருக்கலாம். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டு நானே படிப்பேன் என்றார். அத்தை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பெரிய டாக்டர்களுக்கு முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆகவே, அங்கே தலைக்கு இரு பக்கமும் மணல்மூட்டை வைத்து மூன்று வாரம் அசையவிட மாட்டார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். கண்ணில் ஊசி விட்டுப் பூவைத் தள்ளிவிடும் அந்த ஊசிக்காரரைத் தேடிப் பிடித்ததும் நான்தான். மனிதர் பென்சில் விளக்கை அடித்துப் பார்த்து, பூவையே காணோமே என்று தயங்கினார். உள்ளே தள்ளி இருக்கிறது என்றேன். வயதானவரை இரண்டு தடவை அலைய வைப்பானேன் என்று, இரண்டு கண்ணையும் ஒரே நாளில் முடித்துவிடச் சொன்னேன்.

எட்டாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். மாமா, "ஜன்னலைத் திறடா" என்றார்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது.

இப்போது தினமும் காலேஜ் விட்டு வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். முதல் நாளே சிரித்தார். பழைய கட்டுரைகளையும் எடுத்து வாசித்தேன், தீபாவளிக் கட்டுரையில் பதினோரு இடத்திலும் சிரித்தார். நான் வர நேரமானால் மணி என்ன, மணி என்ன என்று பத்துத் தரம் கேட்கிறாராம். படிக்கும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறார். "அவருக்கு உன்னை விட்டா யாருடா, நிறுத்திடாதே" என்று அத்தை சமையலறையிலிருந்து சொல்கிறாள். நல்ல எழுத்துக்கு ஒரு தரம் பழகிவிட்டால் அப்படித்தான்.

நேற்று கட்டுரை முடிந்தது தெரியாமல், அதே மூச்சில் பக்கத்தின் அடியிலிருந்த இரங்கல் செய்தியையும் வாசித்துவிட்டேன். எங்கள் கெமிஸ்ட்ரி புரொபசர், டைபாய்டு, நாலு குழந்தைகள். மாமா அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஹாஸ்யம் கைவந்துவிட்டது என்று அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது.